விழுங்கச் சிரமப்படுகிறவர்கள்: உணவுப் பாதையின் ஈசினோஃபில் அழற்சி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடல் புற்றுநோய், கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை என்று பெரிய தலைப்பு ஒன்றை அமைப்பாளர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டது நம் வார்டுகளில் அதிகம் பேசப்படாத ஒரு நோய். அது ஆளைக் கொல்வது அபூர்வம். ஆனால் ஆண்டுக்கணக்காக ஒருவரை நிம்மதியாகச் சாப்பிடவிடாது. எண்டோஸ்கோப்பி செய்து ‘நார்மல்’ என்று எழுதி, ‘கேஸ் டிரபிள்’ மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களில் இந்த நோயாளிகளும் இருக்கிறார்கள். கண்ணால் மட்டும் பார்த்து இந்த நோயைத் தீர்மானிக்க முடியாது. திசுவை எடுத்து, நுண்ணோக்கியில் வைத்து, அதிலுள்ள ஈசினோஃபில் அணுக்களை எண்ண வேண்டும். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

ஈசினோஃபில் என்பது ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை. ஈசின் என்ற சிவப்புச் சாயத்தைத் தன் துகள்களில் ஏற்றுக்கொள்ளும் அணு என்று 1879இல் பால் எர்லிக் இதைத் தனியே இனம்பிரித்துக் காட்டினார். இதன் உண்மையான இருப்பிடம் ரத்தம் அல்ல. ரத்தத்தில் சிறிது காலமே சுற்றிவிட்டுப் பெரும்பகுதி குடலுக்குப் போய்த் தங்கிவிடும். இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் எல்லாவற்றிலும் இது இயல்பாகவே உண்டு. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் மிக அதிகம். உணவுக்குழாயில் மட்டும் இதற்கு வேலையே கிடையாது. ஆரோக்கியமான உணவுக்குழாயின் மேல்படலத்தில் ஒன்றுகூட இருக்காது. எனவே அங்கே கூட்டமாகத் தென்பட்டால் ஏன் வந்தது என்று நாம் கேட்டாக வேண்டும்.

நம் ஊரில் ‘ஈஸ்னோபீலியா’ என்றதும் இருமலும் இளைப்பும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த நோயின் வரலாற்றில் அன்றைய சென்னை மாகாணத்துக்கு முக்கிய இடம் உண்டு. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையிலிருந்து ஃப்ரிமோட்-மொல்லரும் பார்ட்டனும் 1940இல் அதைப் பதிவு செய்தார்கள். 1943இல் வைன்கார்ட்டன் அதற்கு வெப்பமண்டல ஈசினோஃபீலியா என்று பெயர் வைத்தார். யானைக்கால் புழுவுக்கு நுரையீரல் காட்டும் எதிர்வினை அது என்பது பிறகு தெளிவாயிற்று. நான் இன்று பேசுவது அந்த நோயை அல்ல. ரத்தத்தில் ஈசினோஃபில் சரியான அளவில் இருக்கும்போதே உணவுக்குழாயில் அது மண்டிக் கிடக்கலாம். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று சொல்லி இந்த நோயை ஒதுக்கிவிட முடியாது.

இதை ஒரு தனி நோயாக மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது மிகச் சமீபத்தில்தான். 1978இல் லாண்ட்ரஸ் குழுவினர் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 1993இல் அட்வுட் குழுவினர் விழுங்கச் சிரமப்பட்ட 12 பெரியவர்களைப் பற்றியும், 1994இல் சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராவுமன் 10 பேரைப் பற்றியும் எழுதினார்கள். அதுவரை உணவுக்குழாயில் ஈசினோஃபில் தெரிந்தால் அமில எதிர்க்களிப்பு என்று எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்தை உடைத்தது 1995இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை. மாணவர்கள் அதைத் தேடி எடுத்து முழுமையாகப் படிக்க வேண்டும். பத்துக் குழந்தைகள். வாந்தி, வயிற்றுவலி, சாப்பிட மறுப்பது என்று எல்லோருக்கும் நாள்பட்ட தொந்தரவு. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் கொடுத்தாயிற்று. சிலருக்கு இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றித் தைக்கும் அறுவை சிகிச்சைகூட நடந்துவிட்டது. அப்படியும் தொந்தரவு போகவில்லை. மருத்துவர்கள் வழக்கமான உணவு முழுவதையும் நிறுத்தினார்கள். புரதத்துக்குப் பதிலாக அமினோ அமிலங்களை வைத்துத் தயாரித்த சிறப்புச் சத்துமாவைக் குறைந்தது ஆறு வாரம் கொடுத்தார்கள். எட்டுக் குழந்தைகளுக்கு அறிகுறி முழுவதும் நின்றது, இருவருக்குக் குறைந்தது. மறுபடி திசு எடுத்துப் பார்த்தபோது, நுண்ணோக்கியின் ஒரு புலத்தில் நாற்பதுக்கு மேல் இருந்த ஈசினோஃபில் கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தது. பிறகு உணவுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார்கள். தொந்தரவும் திரும்பி வந்தது. ஏழு குழந்தைகளுக்குக் காரணம் பசும்பால். அறுவை சிகிச்சை செய்தும் தீராத நோய் சாப்பாட்டை மாற்றியதும் தீர்ந்தது. உணவுப் புரதத்துக்கு உடல் காட்டும் ஒவ்வாமைதான் இந்த அழற்சியை நடத்துகிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

இனி நோயாளியைப் பார்ப்போம். சின்னக் குழந்தைக்கு வாந்தி, எடை ஏறாமை, ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. பள்ளி வயதில் வயிற்றுவலி. பதின்பருவம் தாண்டியதும் சோறும் கறியும் நெஞ்சில் நின்றுகொள்வது. ஆண்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். இளைப்பு, தும்மல், தோல் அரிப்பு என்று வேறு ஒவ்வாமையும் பலருக்குச் சேர்ந்தே இருக்கும். மேலை நாடுகளில் இப்போது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவை நெருங்குகிறது. இந்தியாவிலிருந்து வரும் பதிவுகள் மிகக் குறைவு. திசு எடுத்துத் தேடாத இடத்தில் பதிவு குறைவாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து.

இவர்களிடம் “விழுங்கக் கஷ்டமா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். பொய் சொல்வதில்லை. பல ஆண்டுகளாக நோய்க்கு ஏற்றபடி சாப்பிடப் பழகிவிட்டார்கள். ஒரு கல்லூரி மாணவரை அவருடைய அம்மா என்னிடம் அழைத்து வந்திருந்தார். “சாப்பாடு அடைக்குதா தம்பி?” என்று கேட்டேன். “இல்ல சார், நல்லாத்தான் சாப்பிடறேன்” என்றார். அம்மா குறுக்கிட்டார்: “எங்க சார்! பந்தியில எல்லாரும் கை கழுவிட்டு வந்தாலும் இவன் மட்டும் இலையில உக்காந்திருப்பான். பக்கத்துல ஒரு சொம்புத் தண்ணி இல்லேன்னா சோத்துல கை வைக்க மாட்டான்.” பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். சப்பாத்தியைக் குருமாவில் ஊறவைத்துத்தான் சாப்பிடுவாராம். இட்லிக்குச் சாம்பார் நிறைய வேண்டும். புட்டு பக்கமே போவதில்லை. ஆட்டுக்கறியை நாலு வருடமாகத் தொடவில்லை. கேட்டால் பிடிக்காது என்பாராம். மாத்திரையை உடைத்துப் பொடியாக்கித்தான் போடுவார். இவ்வளவுக்கும் பிறகு, அவரைப் பொறுத்தவரை அவருக்கு விழுங்குவதில் சிரமம் எதுவும் இல்லை!

ஆகவே அடைக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. எப்படிச் சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகிறது, எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள், வெளியில் சாப்பிடக் கூச்சப்படுகிறீர்களா என்று கேட்க வேண்டும். கூட வந்தவரிடமும் கேட்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது எண்டோஸ்கோப்பி. குழாயை அவசரமாக இரைப்பைக்குள் இறக்கிவிட்டு, திரும்பும்போது உணவுக்குழாயை ஒரு பார்வை பார்ப்பது இந்த நோய்க்கு உதவாது. காற்றை நன்றாகச் செலுத்தி விரித்து, நிதானமாகப் பார்க்க வேண்டும். வீக்கத்தால் ரத்தநாளக் கோடுகள் மறைந்திருப்பது, வட்ட வட்டமான வளையங்கள், வெண்ணிறப் படிவுகள், நெடுக்காக ஓடும் பள்ளங்கள், குறுக்கம் ஆகிய ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும் முறையை 2013இல் ஹிரானோ குழுவினர் வகுத்தார்கள். வெண்படிவைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து கொடுப்பது நடக்கிறது. உண்மையில் அது ஈசினோஃபில்கள் திரண்டு மேலே வந்த குவியலாக இருக்கலாம். பள்ளங்கள் மிக மெல்லியவை, தேடினால்தான் தெரியும். சிலருக்கு இவை எதுவுமே இல்லாமல் உணவுக்குழாய் பார்க்க இயல்பாகவே இருக்கும்.

அதனால்தான் திசு எடுப்பதைக் கண்ணின் தீர்ப்புக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். விழுங்கச் சிரமம் என்று வந்தவருக்கு, எப்படித் தெரிந்தாலும், உணவுக்குழாயின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி என்று குறைந்தது இரண்டு மட்டங்களிலிருந்து ஆறு துணுக்குகளாவது எடுக்க வேண்டும். இந்த அழற்சி எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்காது. ஒரு துணுக்கில் அறுபது இருக்கும், இரண்டு சென்டிமீட்டர் தள்ளி எடுத்ததில் ஒன்றும் இருக்காது. இறைச்சித் துண்டு சிக்கி நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வருகிறவருக்கும் இதே விதிதான். துண்டை எடுத்ததும் நோயாளி நிம்மதியாகிவிடுவார், நமக்கும் தூக்கம் வரும். அந்த நேரத்தில் திசு எடுக்காமல் விட்டால், அவர் அடுத்த முறை சிக்கிக்கொள்ளும்வரை திரும்பி வர மாட்டார்.

நுண்ணோக்கியின் உயர் உருப்பெருக்கப் புலம் ஒன்றில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஈசினோஃபில்கள் இருக்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவு. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 60. சராசரி போடக் கூடாது. மிக நெருக்கமாக இருக்கும் புலத்தைத் தேடி எண்ண வேண்டும். திசுவோடு அனுப்பும் படிவத்தில் ‘பயாப்சி, உணவுக்குழாய்’ என்று மட்டும் எழுதி அனுப்புவது நோய்க்குறியியல் மருத்துவருக்குச் செய்யும் அநீதி. நோயாளியின் அறிகுறி, எந்த மட்டத்தில் எடுத்தது, அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடுகிறாரா என்ற மூன்றையும் எழுதுங்கள். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளே ஈசினோஃபிலைக் குறைத்துவிடும். ஆகவே முதல் பரிசோதனைக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் அவற்றை நிறுத்திவிடுவது நல்லது. எண்ணிக்கை கிடைத்த பிறகும், அக்கலேசியா, குரோன் நோய், கிருமித் தொற்று, மருந்து ஒவ்வாமை போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் பெயர் சூட்ட வேண்டும்.

தாமதத்தின் விலை என்ன என்பதைச் சுவிட்சர்லாந்தில் 200 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அறிகுறி தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்களில் 17 சதவீதத்தினருக்கே உணவுக்குழாய் சுருங்கியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கண்டறியப்படாமல் இருந்தவர்களில் அது 71 சதவீதம். அழற்சி தழும்பாகிறது, தழும்பு குழாயை இறுக்குகிறது. அழற்சிக்கு மருந்து உண்டு. இறுகிய தழும்பை பலூனையோ விரிப்பானையோ வைத்து விரிப்பதைத் தவிர வேறு வழி குறைவு.

உணவுக்குழாய்க்குக் கீழே கதை சிக்கலானது. இரைப்பையிலும் குடலிலும் இந்த அணு இயல்பாகவே இருப்பதால், எத்தனை இருந்தால் நோய் என்பதற்கு ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு அளவு வேண்டும். 1937இல் கைசர் விவரித்த இந்த இரைப்பை-குடல் ஈசினோஃபில் நோயை, 1970இல் கிளைன் குழுவினர் குடல் சுவரின் எந்த அடுக்கு பாதிக்கப்படுகிறது என்பதை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள். உள்படலம் பாதித்தால் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, புரத இழப்பு. தசை பாதித்தால் அடைப்பு. வெளியுறை பாதித்தால் வயிற்றில் நீர் கோக்கும்.

இந்த மூன்றாவது வகையில் நம் ஊர் மருத்துவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இளம் வயதில் வயிற்றில் நீர் கோத்து வந்தால் நம் மனம் முதலில் போவது காசநோய்க்கு; போவது சரியும்கூட. ஆனால் ஊசி வைத்து எடுத்த நீரை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது அணுக்களை வகைபிரித்து எண்ணச் சொல்லுங்கள். காசநோயில் பெரும்பாலும் லிம்ஃபோசைட் மிகுந்திருக்கும். ஈசினோஃபில் மிகுந்திருந்தால், காசநோய் மருந்தைத் தொடங்கும் முன் நின்று யோசியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. நம் நாட்டில் குடலில் ஈசினோஃபில் பெருகியிருந்தால் முதலில் தேட வேண்டியது புழுவை. கொக்கிப்புழு இருக்கலாம். அதைவிட ஆபத்தானது ஸ்ட்ராங்கிலாய்டிஸ். வெறுங்காலோடு மண்ணில் நடக்கிறவரின் தோல் வழியே ஏறி, உடலுக்குள்ளேயே பெருகி, பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. ஒருமுறை மலம் பார்த்ததில் தெரியவில்லை என்றால் இல்லை என்று பொருளாகாது. இந்தப் புழு உள்ளே இருக்கும்போது ஈசினோஃபில் நோய் என்று நினைத்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால், அது கட்டுக்கடங்காமல் பெருகி உடல் முழுவதும் பரவி ஆளையே கொன்றுவிடும். எனவே ஸ்டீராய்டுக்கு முன் மலப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வசதி இருந்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஐவர்மெக்டின் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பூச்சி மாத்திரை என்று ஒரே ஒரு ஆல்பெண்டசோல் கொடுப்பது இந்தப் புழுவுக்குப் போதாது.

சிகிச்சைக்கு வருகிறேன். உணவுக்குழாய் நோய்க்கு இன்று மூன்று தொடக்க வழிகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை நோயாளியோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

முதலாவது, அமிலக் குறைப்பு மாத்திரையை இருவேளை. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திசுவிலேயே குணம் தெரிகிறது. அமிலத்தைக் குறைப்பதோடு, ஈசினோஃபிலை வரவழைக்கும் எயோடாக்சின்-3 என்ற புரதத்தின் உற்பத்தியையும் இது தடுக்கிறது. இந்த மாத்திரைக்கு அடங்கினால் அது இந்த நோயே இல்லை என்று ஒரு காலத்தில் வரையறுத்திருந்தார்கள். 2018இல் வெளியான உலகளாவிய உடன்பாடு அதை நீக்கிவிட்டது.

இரண்டாவது, ஸ்டீராய்டை விழுங்கி உணவுக்குழாயின் மேலேயே படியவிடுவது. இதற்கென்றே செய்த புடெசோனைடு மாத்திரைக்கு ஐரோப்பா 2018இல் அனுமதி கொடுத்தது. திரவ வடிவத்துக்கு அமெரிக்கா 2024இல் கொடுத்தது. இங்கே நெபுலைசருக்கு விற்கும் புடெசோனைடு ரெஸ்பியூலைத் தேனில் குழைத்துக் கெட்டியாக்கி, மெதுவாக விழுங்கச் சொல்கிறோம். பிறகு அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். மருந்துக் கடையில் “இது மூக்கு வழியா இழுக்கறது, குடிக்கக் கூடாது” என்று சொல்லி நோயாளியைப் பயமுறுத்தி அனுப்பிவிடுவார்கள். ஆகவே சீட்டில் தமிழில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். வாயிலும் உணவுக்குழாயிலும் பூஞ்சை வரலாம்; மற்றபடி உடலுக்குள் இறங்கும் அளவு குறைவு.

மூன்றாவது, உணவு. பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகளும் வேர்க்கடலையும், மீன் வகை ஆகிய ஆறையும் நிறுத்தும் முறை 2006இல் வந்தது. எதனால் வருகிறது என்று தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும், ரத்தத்தில் பார்க்கும் ஒவ்வாமைப் பட்டியலும் இந்த நோயில் நம்பத்தகுந்த விடை தருவதில்லை. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி அந்தப் பட்டியலோடு வந்து, அதில் இருக்கும் கத்தரிக்காயையும் தக்காளியையும் நிறுத்திக்கொண்டு, பால் காபியை மட்டும் தொடர்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

ஆறையும் ஒரேயடியாக நிறுத்தத் தேவையில்லை என்பது நல்ல செய்தி. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆறையும் நிறுத்தியவர்களில் 40 சதவீதத்தினருக்கும், பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34 சதவீதத்தினருக்கும் ஆறு வாரத்தில் திசு சீரடைந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே பாலில் தொடங்கலாம், போதாவிட்டால் கோதுமை. இந்த விஷயத்தில் நம் சமையல் நமக்குப் பெரிய துணை. இட்லி, தோசை, இடியாப்பம், சோறு, சாம்பார், ரசம், கேழ்வரகுக் களி எதிலும் பாலும் கோதுமையும் சேர்வதில்லை. ஆனால் மறைந்திருக்கும் இடங்களைச் சொல்லித் தர வேண்டும். தயிர், மோர், நெய் எல்லாம் பால்தான். பிஸ்கட்டிலும் பிரெட்டிலும் இரண்டும் உண்டு. ரவையும் சேமியாவும் கோதுமை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலேயே மைதா கலந்திருப்பது வழக்கம். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் ரசம் வைத்தால் கோதுமையை நிறுத்தியதாகாது. வளரும் பிள்ளைக்குப் பாலை நிறுத்தும்போது கால்சியத்துக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். உணவியல் நிபுணர் கூடவே இருக்க வேண்டிய சிகிச்சை இது.

சுருங்கிவிட்ட குழாயை விரிப்பதற்கு முன்பெல்லாம் மிகவும் பயந்தார்கள், கிழிந்துவிடும் என்று. படிப்படியாக, பொறுமையாக விரித்தால் ஓட்டை விழும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் கீழ் என்று இப்போது தெரிகிறது. நோயாளிக்கு ஓரிரு நாள் நெஞ்சு வலிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதிய மருந்துகளில் டுபிலுமாப் ஊசிக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 2024இல் ஒரு வயதுக் குழந்தைவரை விரிவாக்கியது. ஐஎல்-4, ஐஎல்-13 என்ற இரண்டு தூதுப் புரதங்களின் வழியை இது அடைக்கிறது. ஆய்வில் ஊசி போட்டவர்களில் 60 சதவீதத்தினருக்குத் திசு சீரடைந்தது; போலி ஊசியில் 5 சதவீதம். விலை மிக அதிகம். பென்ராலிசுமாப் என்ற இன்னொரு மருந்து கற்றுக்கொடுத்த பாடம் வேறு. அது ஈசினோஃபிலையே அழிக்கும் மருந்து. 87 சதவீதத்தினருக்குத் திசுவில் அந்த அணு குறைந்துபோயிற்று. ஆனால் விழுங்கும் சிரமம் போலி ஊசி போட்டவர்களைவிடக் குறையவில்லை. ஆக, இந்த அணு நோயை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. நோயை நடத்துவது அது மட்டுமல்ல. எண்ணிக்கை இறங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது என்பதற்கும், அறிகுறி போனதும் முடிந்தது என்று நினைக்கக் கூடாது என்பதற்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். எந்தச் சிகிச்சையைத் தொடங்கினாலும், ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் மறுபடி எண்டோஸ்கோப்பி செய்து, திசு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு நோய் திரும்பும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இளம் மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். விலை உயர்ந்த ஊசி நம் மக்களுக்கு எட்ட நாளாகும். ஆனால் சாப்பிடும் விதத்தை விசாரிப்பதற்கும், ஆறு துணுக்குத் திசு எடுப்பதற்கும், பான்டோபிரசோலோ புடெசோனைடோ கொடுப்பதற்கும், பாலை நிறுத்திப் பார்ப்பதற்கும் இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தடையாக எதுவும் இல்லை. அடுத்த எண்டோஸ்கோப்பி நாளிலேயே தொடங்குங்கள்.